பெயர் மாற்றிய பாராட்டுரை

கேடயம் பரணில் இருக்கிறது அம்மா. எடுக்க முடியாது என்றில்லை, ஏணி இருக்கிறது. முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இந்தப் பக்கம் வாருங்கள், இங்கேதான் காற்று வரும். இந்த வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். படம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

போனில் நீங்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டு. நின்றுபோயிருந்த சிறந்த பணியாளர் விருதை இந்த ஆண்டு மறுபடியும் கொடுக்கப்போகிறார்கள். அந்த விருதை முதலில் வாங்கிய ஆள் என்று என்னைப் பற்றி விழா மலருக்குப் பத்து வரி வேண்டும். கேடயத்தோடு ஒரு படம் வேண்டும். விழா மேடையில் இந்த ஆண்டு விருதை என் கையால் கொடுக்க வேண்டும், அதற்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவுதானே?

நீங்கள் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளர் என்றீர்கள். மேசை எது? ஜன்னலோரத்துத் தேக்கு மேசையா? வலது பக்கம் மூன்று டிராயர், நடு டிராயர் இறுக்குமே? இன்னும் இறுக்குகிறதா? கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தால் வந்துவிடும். பதினோரு வருடம் நான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியானால் உங்களிடம் சொல்லலாம். மெமோ என்றால் என்ன, கோப்பு என்றால் என்ன என்று வெளி ஆளுக்கு விளக்க ஆரம்பித்தால் எங்கேயோ போய்விடும். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். நான் எழுதிய எந்தக் கோப்பிலும் ஒரு பொய் கிடையாது. ஒரு தேதி பிசகியது கிடையாது. ‘கோமதிநாயகம் போட்ட தேதி’ என்றால் பதிவாளர் மறுபடி பார்க்க மாட்டார், அப்படியே கையெழுத்துப் போடுவார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விருது தொடங்கிய வருடம் இருந்த துணைவேந்தர் நல்ல மனிதர். ஆசிரியருக்கு ஒரு விருது, ஊழியருக்கு ஒரு விருது என்று அறிவித்தார். யாருக்குக் கொடுப்பது என்பதை மாணவர்களே எழுதட்டும், படித்து முடித்துப் போனவர்களும் எழுதலாம் என்றார். நூலக வாசலில் பூட்டுப் போட்ட பெட்டி வைத்தோம். தபாலிலும் வந்தது. பெட்டிச் சாவி என்னிடம்.

ஒரு மாதம் கழித்துப் பிரித்து எண்ணினேன். ஊழியர்களுக்கு வந்தது மொத்தம் எழுபத்திரண்டு கடிதம். அதில் அறுபத்தொன்று ஒரே ஆளுக்கு.

பாக்கியசீலி. உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் சேருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். தேர்வுப் பிரிவில் நான்காம் கவுன்டர், பட்டச் சான்றிதழ் கொடுக்கிற இடம். அந்தக் கம்பி வலைக்குப் பின்னால் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தார். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வரும். சான்றிதழில் பெயர் தப்பு, ரசீது தொலைந்துவிட்டது, நாளைக்கு இன்டர்வியூ என்று அழும். சீலியின் குரல் என் அறை வரைக்கும் கேட்கும். “அழுதா மெஷின் வேகமா அடிக்குமா? கண்ணைத் துடை. அப்பா பேரைச் சொல்லு, பிறந்த தேதியைச் சொல்லு. சாப்பிட்டியா?” எல்லாரையும் இப்படித்தான் அதட்டுவார். அந்த அதட்டலைத்தான் அறுபத்தொரு பேர் எழுதியிருந்தார்கள்.

மற்ற பதினோரு கடிதமா? ஏழு பேருக்கு ஒவ்வொன்று. மீதி நாலு எனக்கு.

சிரிக்கலாம், நானே இப்போது சிரிக்கிறேன். நாலில் இரண்டு என் பிரிவு எழுத்தர்கள் எழுதியது. அவர்கள் மாலை நேரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் மாணவர் கணக்கில் வருவார்கள், விதிப்படி செல்லும். ஒன்று என் மைத்துனர் மகன். இன்னொன்று யாரென்று தெரியவில்லை, யாரோ நல்லவர். நான் ஒருவரையும் எழுதச் சொல்லவில்லை. டீ குடிக்கும்போது இப்படி ஒரு விருது வருகிறது என்று பேச்சு வந்தது. அவ்வளவுதான்.

கணக்கைப் பதிவாளரிடம் கொடுத்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “சீலியா? சரிதான். பாராட்டுரையை நீங்களே எழுதிருங்க கோமதி. உங்க கை பட்டாத்தான் நல்லா வரும்” என்றார்.

நல்லா வந்தது அம்மா. அதைத்தான் சொல்ல வேண்டும். நான் வாழ்க்கையில் எழுதியதில் அதுதான் நல்லது. அறுபத்தொரு கடிதத்தையும் மறுபடி மறுபடி படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், மகன் இறந்த பிறகு அவனுடைய பட்டத்தை வாங்க வந்திருக்கிறார். சீலி கவுன்டரை விட்டு வெளியே வந்து, அந்த அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்து, பட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பையனின் தங்கை எழுதிய கடிதம் அது.

இன்னொரு கடிதம் நாக்பூரிலிருந்து. விலங்கியல் படித்தவன். அங்கே வேலை கிடைத்திருக்கிறது, பட்டச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். சீலி சான்றிதழை எடுத்து வைத்துவிட்டார், ஆனால் தேர்வு அதிகாரியின் கையெழுத்து இல்லை, அவர் கூட்டத்தில் இருந்தார். ரயில் பன்னிரண்டு ஐம்பதுக்கு. அவன் காத்திருந்து பார்த்துவிட்டு, போனது போகட்டும் என்று ஜங்ஷனுக்குக் கிளம்பிவிட்டான். அவன் போன பிறகு கூட்டம் முடிந்திருக்கிறது. சீலி கையெழுத்து வாங்கி, தன் காசில் ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்குப் போய், பெட்டி பெட்டியாக அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்து, ஜன்னல் வழியாகச் சான்றிதழைக் கொடுத்திருக்கிறார். ‘ஜூலை 14-ஆம் தேதியை என் பிறந்தநாளைப் போல நினைவு வைத்திருக்கிறேன்’ என்று அந்தப் பையன் முடித்திருந்தான். நான் அந்தச் சம்பவத்தைப் பாராட்டுரையின் நடுவில் வைத்தேன். அங்கேதான் கைதட்டல் வரும் என்று தெரியும்.

எங்கள் பிரிவில் தட்டச்சர் முகைதீன். அடித்துக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தி, “சார், இந்த இடம் அடிக்க முடியல, கண்ணு மறைக்குது” என்றான்.

இந்தாங்கள், காபி வருகிறது.

“போட்டோ எடுக்கப் போறாகளாம்மா? சட்டையை மாத்துங்கன்னா கேக்க மாட்டாரு. அந்தக் கேடயத்தைக் கீழே எடுங்க, ஹால்ல வைப்போம்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஏணி ஆடுதுங்காரு. பதினஞ்சு வருசமா ஆடுது அந்த ஏணி.”

என் மனைவி. விசாலம், நீ உள்ளே போ, நான் கூப்பிடுகிறேன். ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போய்விட்டாள். குடியுங்கள், ஆறிவிடும்.

எல்லாம் முடிந்து, கடைசியாக ஒரு படிவம் வந்தது. நீங்களும் இந்த வருடம் அதைத்தான் நிரப்பியிருப்பீர்கள். ‘மேற்படி பணியாளர் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா?’ உள்ளது, இல்லை. ஒன்றை அடித்துவிட்டுக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘உள்ளது’ என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு முறைப்படி சீலியின் தனிக்கோப்பை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு மெமோ. என் கையெழுத்தில் போனது. மூன்று வருடம் ஆகியிருந்தது.

அதற்கு இப்போது பின்னால் போக வேண்டும். மூன்று வருடம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பதிவாளர் சொல்லாமல் கொள்ளாமல் தேர்வுப் பிரிவைப் பார்க்க வந்தார். நான்காம் கவுன்டர் காலி. வெளியே இருபது பேர் நிற்கிறார்கள். “இது யாரு சீட்?” “பாக்கியசீலி சார்.” “எங்க?” யாருக்கும் தெரியவில்லை. “மெமோ குடுங்க.” சாயங்காலமே அடித்துக் கொடுத்துவிட்டேன். காலை 11.20 முதல் பிற்பகல் 1.40 வரை அனுமதியின்றி இருக்கையில் இல்லாததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். இதெல்லாம் பெரிய விஷயமா, உங்களுக்குத் தெரியாததா? விளக்கத்தை வாங்கி, ‘விளக்கம் ஏற்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி, பதிவாளரிடம் கையெழுத்து வாங்கி மூடிவிடுவோம்.

திங்கட்கிழமை காலையில் சீலி வந்து நின்றார். கையில் ஒட்டிய உறை.

“சார், விளக்கம்.”

“வச்சிட்டுப் போங்க.”

“வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து, சார்.” இன்னொரு தாளும் கொண்டுவந்திருந்தார்.

“ஏம்மா, நான் எங்க ஓடிப்போகப் போறேன்? தெரிஞ்சவங்களுக்குள்ள இது என்னத்துக்கு?”

“அதுவும் சரிதான். உங்களைத் தெரியாதா சார்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குத் தணிக்கைக்காரர்கள் வந்திருந்தார்கள். உறையை நடு டிராயரில் போட்டேன்.

மறந்துவிட்டேன் அம்மா. வேறொன்றும் இல்லை. அவர் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. நடு டிராயர்தான் உங்களுக்கே தெரியுமே, இறுக்கும், அதைத் திறக்கிறதே குறைவு.

படிவம் வந்த அன்று அந்த டிராயரைத் தூக்கி இழுத்தேன். பழைய டைரி, அரக்கு, நூல்கண்டு, எல்லாவற்றுக்கும் கீழே உறை இருந்தது. ஒட்டினபடியே இருந்தது.

பிரித்திருக்கலாம். பிரித்தால் வந்த தேதி முத்திரை குத்த வேண்டும். உள்ளே கடிதத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி, மேலே இன்றைய முத்திரை. இத்தனை நாள் யாரிடம் இருந்தது என்று எவரும் கேட்பார்கள். அந்த மாதம் உதவிப் பதிவாளர் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் நான் மூன்றாவது பெயர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது.

டிராயரைத் தள்ளி மூடினேன். படிவத்தில் ‘இல்லை’ என்பதை அடித்தேன். ‘உள்ளது’ என்று நின்றது. கீழே மெமோவின் எண்ணும் தேதியும் எழுதினேன். நிலுவையில் இருந்தது உண்மைதானே? நான் எழுதியதில் ஓர் எழுத்து பொய் இல்லை.

பதிவாளர் கூப்பிட்டார். “என்னய்யா இது, சீலி மேலயா? என்ன விவகாரம்?”

“சீட்ல இல்லாதது சார். பழைய மெமோ.”

“விளக்கம் குடுக்கலையா அவங்க?”

“குடுத்திருக்காங்க சார். பரிசீலனையில இருக்கு.”

“யார்கிட்ட?”

“பிரிவுல சார்.”

பிரிவு என்றால் நான்தான். அது அவருக்குத் தெரியாததல்ல, ஆனால் பிரிவு என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. அவர் நெற்றியைத் தேய்த்தார். மறுநாளுக்கு மறுநாள் விழா. “விதி விதிதான். அடுத்து யாரு?”

“நாலு கடிதம் வாங்கினவர் சார்.”

“யாரு?”

“நான்தான் சார்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அப்ப நீரே வாங்கிக்கும். உமக்கென்ன குறைச்சல்?” பிறகு பாராட்டுரையை எடுத்துப் பார்த்தார். “புதுசா எழுத நேரமில்ல. பேரை மட்டும் மாத்திருங்க. நல்லது செஞ்சதா சொல்றது எல்லாருக்கும் பொருந்தும்.”

பெயரை மட்டும் மாற்றினால் போதும்தான். மற்ற இடமெல்லாம் ‘இவர்’ என்றே எழுதியிருந்தேன். நான்காம் கவுன்டர் என்று வந்த இடத்தில் ‘பல்கலைக்கழகத்தில்’ என்று போட்டேன். முகைதீனிடம் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். நிறுத்தாமல் அடித்தான். அன்றைக்கு அவனுக்குக் கண் மறைக்கவில்லை.

ஜங்ஷன் சம்பவத்தை எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எடுக்கலாம் என்று பேனாவைக்கூட அந்த வரி மேல் வைத்தேன். எடுத்தால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருந்தது. அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது அந்தப் பத்தி.

மேடையில் தட்டு ஏந்த நாலு பெண் ஊழியர்கள் வேண்டும் என்று கேட்டார்கள். சால்வைக்கு ஒரு தட்டு, கேடயத்துக்கு ஒன்று, அப்படி. பட்டியல் போடுகிறதும் என் வேலைதான். அதில் சீலியின் பெயரைப் போட்டேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். விருதுதான் இல்லை, மேடையிலாவது அவரும் நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்போது அது பெரிய மனசு மாதிரி எனக்கே தெரிந்தது.

விழா. அரங்கு நிறைந்திருந்தது. என் மனைவி, மகள், மைத்துனர் குடும்பம் எல்லாரும் இரண்டாவது வரிசையில். என் பெயரைக் கூப்பிட்டார்கள். துணைவேந்தர் பக்கத்தில் போய் நின்றேன். என் இடது பக்கம், ஒரு முழம் தள்ளி, சால்வைத் தட்டோடு சீலி. மாம்பழ நிறப் பட்டுப்புடவை. விருது உங்களுக்குத்தான் என்று தேர்வுப் பிரிவில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள் போல, அதற்காக எடுத்த புடவை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தமிழ்த் துறைப் பேராசிரியர் ஒருவர் பாராட்டுரையை வாசித்தார். நல்ல குரல். மகனை இழந்த தாய்க்குப் பட்டத்தை வாசித்துக் காட்டியவர் இவர் என்றார். கைதட்டினார்கள். அடுத்து ஜங்ஷன். ‘ரயில் புறப்பட மூன்றே நிமிடம். பெட்டி பெட்டியாகப் பெயர் சொல்லி அழைத்தபடி சென்று, ஜன்னல் வழியே மாணவரின் கையில் சான்றிதழைக் கொடுத்த அந்த ஜூலை பதினான்காம் நாள்...’

அப்போதுதான், அம்மா. ஜூலை பதினான்கு. 11.20 முதல் 1.40 வரை. ரயில் பன்னிரண்டு ஐம்பது.

கையெழுத்தில்லாமல் போன பையனுக்காக சீட்டை விட்டு எழுந்து போன அந்த இரண்டு மணி இருபது நிமிடத்துக்குத்தான் நான் மெமோ கொடுத்திருக்கிறேன். அந்த மெமோவைக் காட்டித்தான் விருதைத் தள்ளியிருக்கிறேன். அதே இரண்டு மணி இருபது நிமிடத்துக்காகத்தான் எனக்கு இப்போது கைதட்டுகிறார்கள்.

கடிதம் என் கையில் இருந்தது. மெமோவும் என் கையில் இருந்தது. தேதியை இரண்டிலிருந்தும் நானே என் பேனாவால் எழுதினேன். நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. அதற்கு முன்னால் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். தேதியில் பிசகாத ஆள் நான் என்று உங்களிடம் சொன்னேன் இல்லையா? அதனால்தான் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அரங்கில் எல்லாரும் தட்டினார்கள். வலது ஓரத்தில் தேர்வுப் பிரிவு உட்கார்ந்திருந்தது, இரண்டு வரிசை. அங்கே மட்டும் ஒரு கையும் அசையவில்லை. நான் மெல்ல சீலியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசிக்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ ஒருவரைப் பற்றிய செய்தி கேட்கிற மாதிரி. தட்டு ஆடவில்லை. துணைவேந்தர் அந்தத் தட்டிலிருந்து சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார். அது பட்டு, வழுக்கியது. இடது தோளிலிருந்து இறங்கிவிட்டது. சீலிதான் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் இழுத்துத் தோளில் விட்டார்.

“சால்வை நழுவுது சார்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் படம் இருக்கிறது. சால்வையைச் சரிசெய்யும் கை மட்டும் ஓரத்தில் தெரியும். அதுதான் மலருக்கு நல்ல படம் என்று நீங்கள் நினைக்கலாம். பாருங்கள், இந்த வயதிலும் எது நன்றாக அமையும் என்றுதான் என் புத்தி போகிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக உறையைப் பிரித்தேன். நாலு வரி. மனப்பாடம்.

‘அய்யா, அன்று 11.20 முதல் 1.40 வரை நான் இருக்கையில் இல்லை, உண்மை. சான்றிதழ் வாங்காமல் போய்விட்ட மாணவரிடம் அதைக் கொடுக்க ஜங்ஷன் சென்றேன். அவசரத்தில் அனுமதி பெறாதது என் தவறு. மன்னிக்க வேண்டுகிறேன்.’

முத்திரை குத்தினேன், அன்றைய தேதியில். ‘விளக்கம் ஏற்கப்பட்டது, மேல்நடவடிக்கை இல்லை’ என்று எழுதினேன். பதிவாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். மூன்று வருடம் யாரிடம் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை அம்மா.

ஆணையின் நகலை நானே எடுத்துக்கொண்டு நான்காம் கவுன்டருக்குப் போனேன். உள்ளே போகிற வழி இருக்கிறது. ஆனால் தேர்வுப் பிரிவைக் கடந்து போக வேண்டும். அதனால் வெளியே, பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கம்பி வலைக்கு அடியில் தாளை நீட்டினேன். சீலி வாங்கிப் படித்தார்.

“முடிச்சிட்டீங்களா சார்? சந்தோஷம்.” பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். பிறகு, “என் கவரைப் படிச்சீங்களா?” என்றார்.

“படிச்சேன்மா.”

“எப்ப சார்?”

அவர் கையெழுத்துப் போட்ட தாளை மடித்துப் பையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். பிள்ளைகளைத்தான் அதட்டுவார்.

“நேத்து வாசிச்சது நல்லா இருந்துச்சு சார். கேக்கக் கேக்க, யாரு அந்த ஆளு, ஒரு தடவை பாத்திரணும்போல இருந்துச்சு எனக்கு” என்றார். என் தோளுக்கு மேலே பார்த்து, “அடுத்து யாருப்பா? முன்னால வா” என்றார். நான் நகர வேண்டியதாயிற்று.

பதவி உயர்வு வந்தது. விருது பெற்றவர் என்று குறிப்பில் ஒரு வரி சேர்ந்திருந்தது. அடுத்த வருடம் துணைவேந்தர் மாறினார். புதியவருக்கு இந்த விருதில் அக்கறை இல்லை, நின்றுவிட்டது. அடுத்த வருடம் சீலிக்கே கொடுக்கச் சொல்லிவிடலாம் என்று நான் மனதுக்குள் வைத்திருந்த கணக்கும் அதோடு போனது.

அவர் இங்கேதான் இருக்கிறார். சர்ச் தெரு, பஸ்ஸில் இரண்டு நிறுத்தம். போன மாதம் மருந்துக்கடையில் பார்த்தேன், தலை முழுக்க நரைத்துவிட்டது. கடைப் பையனை அதட்டிக்கொண்டிருந்தார், அதே குரல். நான் எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் போன பிறகு மாத்திரை வாங்கினேன்.

சரி. நீங்கள் போன் செய்த அன்றே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பெரிய உறையில் இருக்கிறது. முதல் தாள், பாராட்டுரை. முகைதீன் முதலில் அடித்தது, பாக்கியசீலி என்ற பெயரோடு, நான்காம் கவுன்டர் என்ற சொல்லோடு. பதினைந்து வருடம் வைத்திருந்தேன். மலருக்குப் பத்து வரி கேட்டீர்கள், இதில் முப்பது வரி இருக்கிறது, ஒன்றையும் குறைக்காதீர்கள். இரண்டாவது தாள் பதிவாளருக்கு. என் விளக்கம். நாலு வரிதான், நானே வாசிக்கிறேன்.

‘அய்யா, பாக்கியசீலி அவர்கள் தந்த விளக்கம் மூன்று ஆண்டுகள் என் மேசையில் பிரிக்கப்படாமல் கிடந்தது, உண்மை. அதை மறைத்ததால் அவருக்குரிய விருது எனக்கு வந்தது. அவருக்காக எழுதிய பாராட்டுரையை என் பெயரில் வாசிக்கவிட்டது என் தவறு. இந்த ஆண்டு விருதை அவர் கையால் வழங்க வேண்டுகிறேன்.’

நாற்பது முறை எழுதிக் கிழித்தேன். முதலில் இரண்டு பக்கம் வந்தது. அதில் தணிக்கை இருந்தது, பதவி உயர்வுப் பட்டியல் இருந்தது, இறுக்கும் டிராயர் இருந்தது. அவர் நாலு வரியில் முடித்திருந்தாரே என்று எல்லாவற்றையும் வெட்டினேன்.

நேரே போய் அவரிடமே சொல்லலாமே என்கிறீர்கள். போகலாம். இரண்டு நிறுத்தம்தான். போகிறேன். முதலில் இது கோப்பில் ஏறட்டும், அப்புறம் போகிறேன்.

ஆமாம், எனக்கே கேட்கிறது, நான் சொல்கிறது.

விசாலம் ஏணியை எடுக்கிறாள் போல, சத்தம் வருகிறது. கேடயத்தையும் நீங்களே கொண்டுபோங்கள். அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்குச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை. இது பதிவாளருக்கு நான் எழுதிய அந்தக் கடிதத்தின் நகல். இதன் கீழே, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நீங்கள் எங்கே ஓடிப்போகப் போகிறீர்கள், தெரியும். இருந்தாலும் போடுங்கள் அம்மா. பேனா இந்தாங்கள். தேதியும் போடுங்கள்.